மாஸ்டர் வெட்டிய விசாரிப்பு

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஈமெயிலை அப்பா நம்பவில்லை. கையெழுத்து இல்லாதது எப்படிக் கடிதமாகும் என்று கேட்டார். அச்சடித்த தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். இதை யார் வேண்டுமானாலும் தட்டலாமே என்று சொல்லி என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். கட்டாருக்குப் போன அண்ணனிடமிருந்து எங்களுக்கு வந்த முதல் சேதி அது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்பா எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் பல வருஷம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிக்கிற கணக்கப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். உலகத்தில் யாரும் எதையும் முழுசாகக் கொடுப்பதில்லை, எதையாவது கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள் என்பது அவர் கண்ட முடிவு. ஹட்டனில் வாங்கிய சீனியை வட்டவளையில் இன்னொரு கடைத் தராசில் போட்டுப் பார்ப்பார். மழை இல்லை என்று ரேடியோ சொன்னால் அன்றைக்குத்தான் மறக்காமல் குடையை எடுப்பார். எங்கள் ஊர் மழைக்கு அது தப்பான யோசனையும் இல்லை. அந்தப் புத்தி எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. இல்லையென்று நான் சொன்னால் அம்மாவே சிரிப்பார்.

அண்ணன் போன விதத்தைச் சொல்ல வேண்டும். அப்பா வேலையிலிருந்து நின்றதும் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவைத் தோட்டம் திருப்பிக் கேட்டுவிடுமோ என்று அவருக்குப் பயம். அண்ணனைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியச் சொன்னார். படித்துவிட்டு மண்வெட்டி தூக்க மாட்டேன் என்று அண்ணன் நின்றான். ஒருநாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பிரித்துவிடுவதற்காக எல்லாரும் கூடி நிற்கும்போது, அப்பா அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பேர் கொடுக்கச் சொன்னார். அவன் வாயைத் திறக்கவில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றைக்கே அண்ணன் கொழும்புக்கு ரயில் ஏறினான். கொழும்பில் ஒரு கடையில் கொஞ்ச நாள் நின்றான், பிறகு கட்டார். அந்த அறைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. ஈமெயில் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு வரும். கடைக்காரர் யாழ்ப்பாணத்து ஆள். ஹட்டனில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே கடை போட்டவர். எல்லாரும் மாஸ்டர் என்போம். ஒரு போன், ஒரு போட்டோகாப்பி மெஷின், பூப்போட்ட துணி போர்த்திய ஒரு கம்ப்யூட்டர். சுற்றிலுமுள்ள தோட்டங்களில் பாதிப் பேருக்கு அவருடைய ஈமெயில் விலாசம்தான் விலாசம். எந்தத் தோட்டம், எந்த வீடு என்று அனுப்புகிறவர்கள் மேலே போட்டுவிடுவார்கள்.

அண்ணன் வேலை செய்த இடத்தில் யாருடைய கம்ப்யூட்டராவது சும்மா கிடந்தால் இரண்டு மூன்று வரி தட்டி அனுப்புவான். தமிழைத்தான் எழுதுவான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அப்படி மாதத்தில் நாலைந்து சேரும். நான் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போவேன். அந்த நாலைந்தையும் மாஸ்டர் ஒன்றாகச் சேர்த்து, தமிழ் எழுத்தில் ஒரே கடிதமாக்கி, ஒரு தாளில் எடுத்து மடித்துத் தருவார்.

வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இடித்தது. வேலை இன்னது, வெயில் இப்படி, சாப்பாடு பரவாயில்லை, காய்ச்சல் வந்து போனது என்று எல்லாம் வரிசையாக, பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி வந்தது. நடுநடுவே "ஆகவே" என்று வேறு. எங்கள் அண்ணன் பிறந்ததிலிருந்து ஒரு ஆகவே சொன்னதில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. எங்கள் லயத்துக்கு வருகிற கடிதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விஷயம் நாலு வரி இருக்கும், மீதியெல்லாம் விசாரிப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும், கடைசிக் காம்பரா அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும், அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்ததா என்று எழுதவும். இப்படி ஒவ்வொரு பேராக வரும். ஒரு பேர் விட்டுப்போனால் அந்த ஆள் அடுத்த தீபாவளி வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மாஸ்டர் தந்த தாளில் விசாரிப்பே கிடையாது. எடுத்ததும் விஷயம், முடிந்ததும் அண்ணன் பேர்.

நான் வாசிக்கும்போது அப்பா வாசல் இஸ்தோப்பில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். அவருக்குக் கவ்வாத்து வேலை இல்லாமல் போய் வெகு நாளாகியிருந்தது. நான் வாசித்து முடித்ததும் கத்தி நிற்கும். அவ்வளவுதானா என்று கேட்பார். அவ்வளவுதான் என்பேன். மறுபடி கத்தி ஓடும். ஒவ்வொரு மாதமும் இதேதான். மகன் தன்னைக் கேட்டிருக்கிறானா என்பது ஒன்றைத் தவிர அந்தத் தாளில் அவருக்கு வேறு எதுவும் வேண்டியதாக இல்லை. அதை வாய்விட்டுக் கேட்கத் தலைவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

நாலைந்து மாதம் போனதும் அப்பா வழக்கைத் தீர்த்துவிட்டார். மாஸ்டர் வெட்டுகிறான் என்றார். நாலு மெயில் வாங்கி ஒரு தாள் கொடுக்கிறான் என்றால் மிச்சம் எங்கே போகிறது? இதுவும் அந்தச் சாக்குக்குக் கழிக்கிற வேலைதான். யாழ்ப்பாணத்து ஆளுக்குத் தோட்டத்துச் சனம் என்றால் இளக்காரம், நம்முடைய விசாரிப்பு அவனுக்குக் குப்பையாகத் தெரிகிறது. இப்படிப் போயிற்று பேச்சு. அம்மா அவரை அடக்கப் பார்த்தார். எனக்கு அடக்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் பேசுகிற தமிழைக் கேட்டு உதட்டைக் கடித்துச் சிரித்த வாத்தியார்களை எனக்கு நினைவிருந்தது. மாஸ்டர் அவர்களில் ஒருவர் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த தடவை அண்ணன் அனுப்பியதை அப்படியே காட்டும்படி மாஸ்டரிடம் சொன்னேன். அழித்துவிட்டேன், கம்ப்யூட்டரில் இடம் காணாது என்றார். அதற்கடுத்த தடவை நான் படியேறும்போதே பூப்போட்ட துணியை இழுத்து மூடினார். அண்ணனுக்கு வேலை போய்விட்டதோ, பொலிஸில் மாட்டிக்கொண்டானோ, அங்கேயே யாரையாவது கட்டிக்கொண்டானோ, இந்த மனுஷன் அதைத் தெரிந்துகொண்டு எங்களுக்குச் சொல்லாமல் இருக்கிறாரோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த மாதமே றொசல்லைப் பக்கத்து அக்கா ஒருவரை ரயிலில் பார்த்தேன். அவர் புருஷனும் வெளிநாட்டில், அவருக்கும் மாஸ்டர் கடைதான். அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டியதைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. மூன்று மெயில், மூன்று தனித் தாள். தமிழில் மாற்றியிருந்தாரே தவிர ஒரு சொல் குறையவில்லை. மாமியார், கொழுந்தன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரிப்பு மட்டுமே அரைப் பக்கம். ஆக, மாஸ்டர் எல்லாருக்கும் வெட்டுகிறவர் இல்லை. எங்களுக்கு மட்டும்தான் வெட்டுகிறார்.

அடுத்த சம்பள ஞாயிற்றுக்கிழமை கோபத்தோடுதான் போனேன். நனைந்த குடையைக் கூட மடக்காமல் உள்ளே போய், எங்கள் வீட்டு மெயிலை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு கடையில் விலாசம் போட்டுக்கொள்கிறோம் என்று ஆட்கள் முன்னிலையில் சொன்னேன். மாஸ்டர் போன் பேச வந்தவர்களை அனுப்பிவைத்தார். பிறகு துணியை எடுத்துவிட்டு, தன் நாற்காலியை எனக்குப் போட்டார்.

"வாசியுங்கோ பிள்ளை. வாசிச்சுப்போட்டு என்னை ஏசாதேங்கோ."

ஒன்றும் அழியவில்லை. அந்த மாதத்து மெயில் நாலும் இருந்தன. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டுத் தடுமாறிக் கூட்டி வாசித்தேன். விசாரிப்பு நிறைய இருந்தது. அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டிருந்தான், என்னைக் கேட்டிருந்தான், கடைசிக் காம்பரா அத்தையை, அடுத்த லயத்துக் கூட்டாளியை, எங்கள் மாட்டைக்கூடக் கேட்டிருந்தான். அப்பாவை எங்கேயும் கேட்கவில்லை. ஆனால் நாலு மெயிலுக்கும் முதல் வரி ஒன்றாகவே இருந்தது. "இதை அந்த ஆளுக்கு வாசிச்சுக் காட்டாதே."

பெற்ற அப்பாவை எங்கள் வீட்டில் யாரும் அந்த ஆள் என்று சொன்னதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அண்ணன் மேல் கோபம், அன்றைக்குக் கை நீட்டிய அப்பா மேல் கோபம், இதையெல்லாம் எங்களுக்கு முன்னாலேயே வாசித்து வைத்திருந்த மாஸ்டர் மேலும் கோபம். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்திருக்கலாமே, விசாரிப்பை எல்லாம் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரை மட்டும் கேக்காமல் விட்டால் பளிச்செண்டு தெரியும். ஒருத்தரையும் கேக்காட்டித் தெரியாது. தனித்தனியாத் தந்தால் ஒவ்வொண்டிலும் வெட்டினது தெரியும். அதுதான் எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்தனான்."

அப்படியென்றால் அப்பாவைக் கேட்டதாக நீங்களே ஒரு வரி போட்டிருக்கலாமே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அதை நான் எழுதேலாது. வெட்டினதைப் பிறகு ஒட்டலாம். இல்லாததை எழுதினால், நாளைக்குப் பெடியன் வந்து நிண்டு, நான் கேக்கேல்லை எண்டு சொன்னால், உங்கட அப்பா என்ன செய்வார்?"

அப்பாவிடம் இப்போது என்ன சொல்வது என்று கேட்டேன். மாஸ்டர்தான் வெட்டினார் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லைத்தானே என்றார். பிறகு, வழக்கம்போல மடித்து வைத்திருந்த அந்த மாதத்துத் தாளை எடுத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா இஸ்தோப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், வெட்டியிருக்கிறானா என்றார். ஆமாங்கப்பா, விசாரிப்பு எல்லாத்தையும் வெட்டியிருக்காரு என்றேன். மாஸ்டர் சொன்ன மாதிரி அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்பாவின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்க்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார், அடுத்த காம்பராக்காரரைக் கூப்பிட்டார். நான் அப்பவே சொன்னேனா இல்லையா, தராசு பார்த்த கண்ணை ஏமாற்ற முடியுமா என்று ஆளுக்கு ஆள் சொன்னார். யாழ்ப்பாணத்தாரை ஒரு பாடு திட்டினார். நான் அடுப்படியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். இத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வந்தவர்கள் போனதும் அப்பா அடுப்படிக்கு வந்தார். ஆண்பிள்ளைகள் அங்கே வருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, நெருப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"என்னையக் கேட்டிருந்தானா?"

"கேட்டிருந்துச்சுங்கப்பா."

"என்னான்னு?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஒங்களுக்கு இழுப்பு எப்புடி இருக்குன்னு கேட்டிருந்துச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு இந்த மூச்சு இழுப்பு வந்ததே அண்ணன் போனதற்குப் பிறகு வந்த மழையில்தான். அதை அவனுக்கு எழுதவே கூடாது, இரக்கப்பட்டு ஒருத்தன் என்னைப் பார்க்க வேண்டாம் என்று எங்கள் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தவர் அப்பாதான். நாங்களும் எழுதவில்லை. கட்டாரில் இருக்கிறவனுக்கு அது தெரிய வழியே கிடையாது.

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கேத்தலைப் பார்த்தேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, இறக்க எனக்குக் கை வரவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்பார், நீ எழுதினாயா என்பார், எந்த மெயிலில் கேட்டிருந்தான் என்பார் என்று ஒவ்வொரு கேள்வியாக எதிர்பார்த்து நின்றேன். வாழ்நாள் முழுவதும் எல்லாரையும் கேள்வி கேட்டே பழகிய மனுஷன் அவர்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு விறகை உள்ளே தள்ளினார். முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"இப்ப தேவலைன்னு எழுதிப் போடு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு இழுத்தது.