சுகுமாறன் சேர்த்த இலைகள்

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் சுகுமாறன் ஒன்பது வருடமாகப் பெரிய கிராணி, அதாவது அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா. சரியாகச் சொன்னால், ஆக்டிங் பெரிய கிராணி. காலையில் ஆள் கணக்கு எடுப்பது, லீவு எழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது எல்லாம் அவர்தான். நாற்காலியைக் கொடுத்தார்கள், வேலையை அள்ளிக் கொடுத்தார்கள், பதவியை உறுதி செய்யும் கடிதத்தை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்காகக் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கி வீட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்திருந்தார். காலிச் சட்டத்தைப் பார்த்து யார் படம் என்று கேட்டால், அவர் மனைவி துளசி தேநீர் போட எழுந்துவிடுவாள்.

இப்படி இருக்கையில், தலைமை அலுவலகத்துக்குப் பூமியின் மேல் திடீரென்று கவலை வந்தது. தோட்டத்து ஊழியர்கள் எல்லார் கைப்பேசியிலும் ஒரு செயலியை ஏற்றச் சொன்னார்கள். நடந்தால் ஓர் இலை கிடைக்கும். மோட்டாரில் போனால் ஓர் இலை உதிரும். சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தட்டில் இறைச்சி இருந்தால் மூன்று இலை போச்சு. வருடத்துக்கு எத்தனை முறை விமானத்தில் பறக்கிறீர்கள் என்றும் கேட்டது. லோரி டிரைவர் நல்லசாமி அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

தோட்டத்துக்கு இதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சுகுமாறன் தலையில் விழுந்தது. அவர் மறுக்கவில்லை. இதில் பெயர் எடுத்தால் கடிதம் வரும் என்று ஒரு நப்பாசை. ஆனால் வீடுகளில் குறுஞ்செய்தி வருமே தவிர, படம் போகாது. கைப்பேசிக்கு நல்ல லைன் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான். ஆகவே சனங்கள் அன்றைக்கு நடந்த நடையை எல்லாம் பதிவு செய்ய மோட்டார் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்கள். மூன்று மாதத்தில் தோட்டத்தின் இலைக் கணக்கு மொட்டையாகிவிட்டது.

பிறகு புரட்டாசி பிறந்தது.

முப்பத்திரண்டு வீட்டிலும் கறிச்சட்டி பரணுக்குப் போனது. பெருமாளுக்காக மாதம் முழுக்கச் சைவம். சாம்பார், ரசம், வாழைக்காய். வருடா வருடம் நடப்பதுதான். செயலிக்கு அது தெரியுமா? இலை மேல் இலையாகத் துளிர்த்துத் தள்ளியது. நான்காவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ரூபிணி என்ற அதிகாரி நேரில் வந்துவிட்டாள். ரூபிணி வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும்தான் விரதம். ஒரு தோட்டமே மாதம் முழுக்கக் கறியை விடும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அவளுடைய பெரிய வண்டி இரண்டு மணி நேரம் ஏர்கோனோடு வாசலில் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்சு நடந்தது.

"எப்படிண்ணா செஞ்சீங்க? தொண்ணூறு பெர்சென்ட் இறைச்சி குறைஞ்சிருக்கு."

புரட்டாசி என்ற ஒரு சொல் சுகுமாறனின் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் பெயர் பெருமாளுக்குப் போய்விடும். விழுங்கிவிட்டார்.

"பிரீஃபிங் கொடுத்தேன் மேடம். எங்க ஆளுங்களுக்கு ஃபோன்ல எதைக் கொடுத்தாலும் போதும், ஒழுங்கா செஞ்சிருவாங்க."

அவள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள்.

நடந்ததைக் கேட்டுத் துளசி தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றாள். "பெருமாளா வந்து எனக்குக் கன்ஃபர்ம் பண்ணித் தரப் போறாரு?" என்றார் சுகுமாறன். அன்று சாயங்காலமே கண்ணாடிச் சட்டத்தைத் துணி போட்டுத் துடைத்தார்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு. விடியுமுன்பே ஆட்டுக்கடையில் வரிசை. பத்து மணிக்கு வரிசை வீடுகள் முழுக்க மசாலா வாசம். கறியைப் படம் எடுக்கக் கூடாது என்று சுகுமாறன் வீடு வீடாகச் சொல்லிவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளத்தைப் பிசையும்போது கைப்பேசி கிணுகிணுத்தது. தலைமை அலுவலகத்தின் கடிதம், குறுஞ்செய்தியாக.

பாராட்டோடுதான் ஆரம்பித்திருந்தார்கள். இந்தத் தோட்டத்து ஊழியர்கள் கைப்பேசியில் எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்வார்கள் என்று தெரியவந்திருப்பதால், அடுத்த மாதம் முதல் ஆள் கணக்கு, லீவு, சம்பளம் மூன்றையும் அவர்களே கைப்பேசியில் பதிந்துகொள்வார்களாம். எனவே பெரிய கிராணி பதவி இனி தேவையில்லை. சுகுமாறன் பழையபடி ஸ்டோரில் உரமூட்டை எண்ணப் போகலாம்.

கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பறந்தார். ரூபிணியைக் கூப்பிட்டு, ஒன்றும் மறைக்காமல் கொட்டினார். பிரீஃபிங்காவது மண்ணாவது, அது புரட்டாசி மேடம், இன்றைக்குத் தோட்டமே ஆடு தின்கிறது என்றார். 

"ரிப்போர்ட் மேல போயிருச்சுண்ணா," என்றாள் ரூபிணி. "அவார்டுக்கும் அனுப்பிட்டாங்க. புரட்டாசி எப்ப பொறக்கும்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த வருஷம் எல்லா எஸ்டேட்லயும் அப்பவே ஆரம்பிச்சிருவோம்."

தேதியைச் சொன்னார். கிராணி அல்லவா, கேட்டால் சொல்லித்தானே பழக்கம். பிறகு, பதவி போனதைச் சொல்லும் அந்தக் கடிதத்தையாவது தாளில் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.  இப்போது எல்லாமே பேப்பர் இல்லாமல்தான் என்று அவள் மென்மையாகவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது துளசி கறியை மறுபடி சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் காலிச் சட்டம். கைப்பேசி மீண்டும் கிணுகிணுத்தது. மோட்டாரில் போனதற்கு ஓர் இலை கழிக்கப்பட்டிருந்தது. கடிதத்தை அச்சடிக்காமல் பெற்றுக்கொண்டதற்கு ஐந்து இலை சேர்ந்திருந்தது.