மாரியாத்தா வைத்த பொட்டு

எங்கள் தேயிலை மலையில் வேப்ப மரம் தழைக்காது. எந்நேரமும் மழை. ஓப்பநாயக்கவில் பஸ் ஏறி, எம்பிலிப்பிட்டிய வெயிலுக்குப் போய்த்தான் அப்பா வேப்பிலை கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல். நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பூத்திருந்தது. பெரியம்மா வந்து பார்த்தாள்.

"மாரியாத்தா வந்திருக்கா. முத்து இன்னும் வெளிய வரல. மருந்து, ஊசின்னு யாரும் வாயத் தொறக்காதீங்க."

அதோடு, வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பரா கோயிலாகிவிட்டது. வாசலில் வேப்பிலை, மூலையில் மஞ்சள் தண்ணீர். அம்மா கண்ணை மூடியபடி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள், மானாப்புல் அறுக்கப் போன மேட்டைப் பற்றி, அங்கே அடித்த காற்றைப் பற்றி. விசிறுவது என் வேலை. விசிற விசிற, வெளியே நின்ற பனிமூட்டம் உள்ளே வந்து எங்களோடு படுத்துக்கொண்டதுபோல் இருக்கும்.

அப்படி விசிறும்போதுதான் பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போகையில் சேலைக்கு மேல் சாக்குப் படங்கைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவாளே, அந்த இடுப்பு மடிப்பில் கறுப்பாக, வட்டமாக ஒரு பொட்டு. அதைச் சுற்றிக் குங்குமம் இழுத்துவிட்டதுபோல் சிவப்பு. தொட்டேன், காய்ந்த பொருக்காக இருந்தது. அம்மா முகம் சுளிக்கவில்லை. வலித்தால் புண். வலிக்கவில்லை என்றால் சாமி வைத்த பொட்டுதானே.

இவ்வளவு பெரிய பெருமையை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடிக்க வந்த பிள்ளைகளிடம் சொன்னேன்.

"ஒங்க வீட்டுக்கெல்லாம் ஆத்தா சும்மா வந்துட்டுப் போவா. எங்கம்மாவுக்கு இடுப்புல கறுப்புப் பொட்டே வச்சிருக்கா, தெரியுமாடி?"

பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த தோட்டத்து மருத்துவிச்சி நிமிர்ந்தாள். சிங்களப் பெண், நோனா என்போம்.

"அந்தப் பொட்டு வலிக்குதா?"

"இல்ல நோனா. பீடி சுட்ட மாதிரி இருக்கு. ஆனா வலிக்கல."

என் குடம் பீலியடியிலேயே கிடந்தது. நோனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினாள். அப்பா வாசலில் குறுக்கே நின்றார்.

"ஆத்தா எறங்கியிருக்கிற வீடு நோனா. உள்ள வரப்படாது."

"வேப்பிலைக்கு எம்பிலிப்பிட்டிய போனீங்க. ஆசுபத்திரி அதவிடக் கிட்டதானே?"

உள்ளே போய் அம்மாவின் இடுப்பைப் பார்த்தவள், அப்படியே குந்திவிட்டாள்.

"அனே, இது புல்லுல இருக்கிற பூச்சி கடிச்சது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இந்தக் கறுப்பும் காய்ச்சலும் ஒண்ணுதான். முத்து வரட்டும்னு இருந்தீங்கன்னா இவ இருக்க மாட்டா."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா?" என்றாள் பெரியம்மா.

"அந்த அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். இந்த அம்மாவ எனக்குத் தாங்க."

அப்பா கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொழுந்து லொறியை மறிக்க ஓடினார். அம்மாவைச் சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்தார்கள். லொறி கிளம்பும் நேரத்தில் பெரியம்மா ஒரு கொத்து வேப்பிலையை அம்மாவின் கொண்டையில் செருகிவிட்டாள். "ரெண்டு பேருமே பாத்துக்கட்டும்."

ஆசுபத்திரியில் விழுங்கக் கொடுத்த குளிசையில் காய்ச்சல் இறங்கியது. அம்மா மெலிந்து, வெளுத்து, சிரித்துக்கொண்டு வந்தாள். நான் முதலில் இடுப்பைத்தான் பார்த்தேன். பொட்டு உதிர்ந்து, வெளிறிய வடு மட்டும் இருந்தது. நோனாவோடு பேசுவதில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

பிறகொரு நாள் நோனா கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தாள். மானாப்புல் மேட்டுப் பக்கம் போய்வந்த பெண்களையும் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம் என்று தேடினாள். ஆத்தா அடுத்து யாருக்குப் பொட்டு வைத்திருக்கிறாள் என்று பார்க்கிறாள் போலும். கோபத்தை மறந்து, எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போய்க் கவுனைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

நோனா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூச்சு விட்டு, என் கன்னத்தைத் தட்டினாள்.

"ஒண்ணுமே இல்ல. நல்ல புள்ள. போ."

லயம் போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனேன்.