ஓடைக் கம்பத்தில் பூப்போட்ட துணி

அந்தச் சதுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேத்துக்காரி என்றால் போதும். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், இடுப்பளவு புதைகிற சேற்றில் பலகையைப் போட்டு, அதில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உதைத்துக்கொண்டு ஆம்பளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். கேலிக்கு வைத்த பெயர் அது. கேலி செய்தவர்கள் இன்றைக்கும் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அவள் வீடு வரிசையில் கடைசி. மரக்கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு. கடல் ஓதம் ஏறினால் கீழே தண்ணீர், வடிந்தால் கீழே நண்டு. ஒரே அறையில் ஒரு மூலை அடுப்புக்கு, ஒரு மூலை வலைக்கு, நடுவில் கட்டிலில் புருஷன். படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவன், போன மழைக்காலத்திலிருந்து படுத்த படுக்கை. அன்று முதல் ஓடை அவள் பொறுப்பு.

சதுப்பிலிருந்து கடலுக்கு வடிகிற வாய்க்காலைத்தான் அங்கே ஓடை என்பார்கள். அதன் வாயில் கம்பங்களை நட்டு, வலையின் அடியைச் சேற்றில் புதைத்து வைத்திருப்பார்கள். ஓதம் உச்சிக்கு ஏறியதும் படகில் போய் வலையின் மேல்விளிம்பைத் தூக்கிக் கம்பங்களில் கட்ட வேண்டும். தண்ணீர் வடியும்போது, உள்ளே போன மீன் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஓடை யாருடையது என்பதற்குப் பத்திரம் எல்லாம் கிடையாது. பௌர்ணமி ஓதத்தன்று முதல் கம்பத்தில் எந்த வீட்டுத் துணி கட்டியிருக்கிறதோ, அடுத்த பௌர்ணமி வரை ஓடை அந்த வீட்டுக்கு. அடுத்தவர் துணியை அவிழ்த்தால் அந்தப் பருவம் முழுக்க வலையைத் தொடக்கூடாது. பழைய சட்டையின் கையைக் கிழித்துக் கட்டுவதுதான் எல்லோர் பழக்கமும்.

சேத்துக்காரியும் மாதாமாதம் புருஷன் சட்டையைத்தான் கிழித்துக் கட்டினாள். உப்புக்காற்றில் எந்தத் துணி நிற்கும்? சட்டைகள் தீர்ந்தன. மிச்சமிருந்த ஒன்று அவன் உடம்பில் இருந்தது. அதனால் இந்த முறை தன் பூப்போட்ட பாவாடையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினாள். ஊரைத் திருத்த வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்குக் கிடையாது. கெட்டித் துணி, தாங்கும் என்று கட்டினாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை படகில் போய்ப் பார்த்தாள். பூத்துணியைக் காணோம். அந்தக் கம்பத்தில் ஒரு முழுச் சட்டை, காலரும் பையுமாகக் கட்டியிருந்தது. அவளுடைய வலையைப் பிடுங்கிக் கரையில் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வேறு வலையைக் கட்டியிருந்தார்கள். சட்டை யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புருஷனின் சொந்தத் தம்பி. அண்ணன் எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிறான், தம்பி ஓடையைப் பிடுங்க வந்துவிட்டான். மனுஷப் பிறவியா இது?

மீன் இறக்கும் மேடைக்கு நேராகப் போனாள். கொழுந்தன் அங்கேதான் கூடைகளோடு நின்றிருந்தான்.

"ஏன் தம்பி, என் துணிய அவுத்தது யாரு?"

"துணியா? ஏதோ பாவாடைக் கிழிசல் தண்ணில அடிச்சிட்டு வந்து சிக்கியிருந்துச்சு அண்ணி. குப்பைன்னு எடுத்துப் போட்டேன்."

"தண்ணில வந்த குப்ப தானா முடிச்சுப் போட்டுக்கிச்சா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். மேடைக்குத் தலைவராக இருந்தவரை ஊர் நியாயஸ்தர் என்று அழைத்தது. யார் குசும்பாக வைத்த பெயரோ தெரியாது. அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தா பாரும்மா, ஆம்பளத் துணி கட்டுறதுதான் வழக்கம். உன் வீட்டுக்காரன் சட்டையக் கட்டியிருந்தா பேச்சே இல்ல."

"அவரு படுத்திருக்காரு. வலை கட்டுறது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஊருக்கே தெரியும். அதுக்கு?"

அதுக்காம்! மழையிலும் வெயிலிலும் சேற்றில் ஊறியவள் எதிரே நிற்கிறாள். கட்டிலைவிட்டு இறங்காத ஒருவனின் சட்டைக் கைக்குக் கொடுத்த மரியாதையை அவளுக்குக் கொடுக்க ஒரு நாக்குக்கும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டியை நங்கென்று இறக்கினாள். விஷயத்தைக் கேட்ட புருஷன் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"இதக் கொண்டுபோய்க் கட்டு."

"உங்க தம்பியோடது இருக்கு, எங்க கட்டுறது? அதத் தொட்டா ஒரு பருவம் போச்சு. தொடலன்னா நாளையோட ஓடையே போச்சு. நீங்க சட்டையப் போட்டுக்குங்க, குளிருது."

மறுநாள் ஓதம் ஏறுவதற்கு முன்பே பலகையில் சறுக்கிக்கொண்டு போனாள். வருவது வரட்டும் என்று சட்டையை அவிழ்த்தாள். அவிழ்த்ததை விரித்துப் பார்த்தாள். இரண்டு கைகளையும் பாதிக்கு மடித்துத் தைத்திருந்தது. தையல் இடுக்கில் இறால் மீசை ஒட்டியிருந்தது. கொழுந்தன் என்றைக்கு இறால் ஆய்ந்தான்? சேத்துக்காரிக்கு முந்தின நாளிலிருந்து வராத சிரிப்பு வந்தது.

சட்டையைத் துவைத்து, பிழிந்து, மடித்து மேடைக்குக் கொண்டுபோனாள். ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் பெண்டாட்டி, இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லோரும் பார்க்க அவளிடம் நீட்டினாள்.

"இந்தா. உன் வீட்டுக்காரர் சட்ட தண்ணில அடிச்சிட்டு வந்து என் கம்பத்துல சிக்கியிருந்துச்சு. குப்பைன்னு தூக்கிப் போட மனசு வரல."

கொழுந்தன் குதித்தான். "அவுத்துட்டா! தலைவரே, பாத்தீங்களா? அடையாளத்துக்குக் கட்டினத அவுத்துட்டா! ஒரு பருவம் வலையத் தொடக்கூடாது!"

ஓரகத்தி சட்டையை விரித்துப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இதையா கட்டினீங்க? நேத்துலேருந்து தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க கழிச்சுப் போட்ட பெறகு இது என் சட்ட. இறால் ஆய இதத்தான தெனமும் போட்டுக்கிட்டு வரேன்? கையக்கூட மடிச்சுத் தைச்சிருக்கேனே, கண்ணு தெரியல?"

அவள் தினமும் எதை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்று கொழுந்தன் ஒரு நாளாவது பார்த்திருந்தால்தானே தெரியும். இந்த முறை சிரித்தது இறால் ஆய்கிற பெண்கள்.

"ஆம்பளத் துணிதான் அடையாளம்னீங்க. இது பொம்பளத் துணி. அப்போ நான் எடுத்தது குப்பதான்?" என்று நியாயஸ்தரைக் கேட்டாள் சேத்துக்காரி.

நியாயஸ்தர் கூரையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "சரி சரி. யார் கட்டினாலும் துணி துணிதான். ஓடை உன்னோடது, போம்மா."

"துணி துணிதான்னா என் துணிய மொதல்ல அவுத்தது இவரு. இவருக்கு ஒரு பருவம் கிடையாதா?"

"ஒரே ரத்தம். குடும்ப விஷயம். பெருசு பண்ணாத."

பார்த்தீர்களா? அவள் அவிழ்த்தபோது ஊர் விஷயம். அவன் அவிழ்த்தது குடும்ப விஷயம். அவளுடைய வலையைப் பிடுங்கி எறிந்ததற்கோ, ஒரு நாள் மீன் போனதற்கோ, தப்புதான் என்று ஒரு வார்த்தை எவன் வாயிலிருந்தும் வரவில்லை.

ஓதம் ஏற ஆரம்பித்திருந்தது. சேத்துக்காரி பாவாடை ஓரத்தில் இன்னொரு துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு படகில் ஏறினாள்.

"குடும்பம்னா இவர அண்ணனப் பாக்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க," என்றாள் துடுப்பை ஊன்றி. "அவரு விழுந்த நாள்லேருந்து ஒரு தடவகூட வந்ததில்ல."