மேஸ்திரியக்கா இல்லாத ஒப்பந்தம்

ரீல்கள் நின்றுபோன அந்த முற்பகல் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. சேலத்தில் நான் வேலை பார்த்த பஞ்சாலையில், நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதி முழுக்கப் பெண்கள்தான். ரீல்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அன்று எங்கள் வரிசையின் கடைசி ரீல் முதலில் நின்றது. பிறகு அதற்கு முந்தியது. ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்து என்னுடையதும் நின்றபோது, பஞ்சுக் கிடங்குப் பக்கமிருந்து ஒரு பெண் அலறுவது கேட்டது. என்னவென்று தெரிவதற்கு முன்பே எல்லோரும் அங்கே ஓடினோம். ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் அந்தக் கிடங்கில்தான் படுத்திருந்தன.

அது யுத்த காலம். பட்டாளத்துக்குத் துணி வேண்டுமென்று ஆலை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் மல்லசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பிள்ளை பெற்ற இரண்டாம் மாதமே வேலைக்கு வராவிட்டால் இடம் போய்விடும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வருவோம். கழிவுப் பஞ்சுக் குவியலின் மேல் துணியை விரித்துக் கிடத்திவிட்டு ரீலுக்குப் போக வேண்டும். இடையில் போய்ப் பால் கொடுக்க அனுமதி கிடையாது. மார்பு கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும். நனைந்தபடியே நின்று நூல் முடிச்சுப் போடுவோம்.

எங்களுக்கு மேலே இருந்தவரை மேஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஜேடர்பாளையத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், கணவனை இழந்தவர், பிள்ளை இல்லை. கண்டிப்பானவர். ஒதுங்கப் போனவள் திரும்பக் கொஞ்சம் தாமதித்தாலும் வாசலில் நின்று முறைப்பார். மானேஜரின் ஆள் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசுவோம். ஆனால் பிள்ளைகள் வீரிட்டால் அவர்தான் கிடங்குக்குப் போவார். இடுப்பில் ஒரு சின்னத் தகர டப்பா வைத்திருந்தார். அதில் அபின் இருந்தது. கடுகில் பாதி கிள்ளி, விரலில் தேய்த்து, பிள்ளையின் நாக்கில் வைப்பார். திரும்பி வந்து, "தூங்கீருச்சு சாமி, நீ வேலையப் பாரு" என்று உதட்டை அசைப்பார். எனக்கு அப்போது எட்டு மாதப் பெண் குழந்தை. அவளுக்கும் அந்த விரல்தான். நான் தடுக்கவில்லை. நன்றியோடு தலையாட்டியிருக்கிறேன் என்பதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. வீட்டிலும் பலர் செய்ததுதான்.

அலறியவள் ஆத்தூர்க்காரி. எங்கள் வரிசையின் கடைசி ரீல் அவளுடையது. சளி பிடித்திருந்த நான்கு மாதப் பையனைப் பார்க்க, காவலாளுக்குத் தெரியாமல் ஓடியிருக்கிறாள். நாங்கள் போனபோது அவள் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. புருவத்தில் பஞ்சுத் தூசி. மேஸ்திரியக்கா வந்து பார்த்தார். அவர் முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிக் கண்டதில்லை. குனிந்து பிள்ளையின் மூக்கில் விரல் வைத்தவர், விரலை எடுக்கவே இல்லை.

மானேஜர் வந்தார். கூட்டத்துக்கு வெளியே நின்றபடியே, "பின்வாசல் வழியாக் கொண்டுபோகச் சொல்லுங்க. இதுக்குன்னு மெஷினை நிறுத்துவாங்களா? போய் ஓட்டுங்க" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் ரீலை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டேன், பழக்கத்தில். அப்புறம்தான் பார்த்தேன், வேறு யாரும் நகரவில்லை. பிள்ளையைத் தாயின் மடியிலேயே விட்டு, அவளைத் தாங்கிப் பிடித்து, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தோம். வாசலுக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்தோம். மறுநாள் ஆண்களும் வேலைக்குப் போகவில்லை.

ஆலையில் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதுவரை பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்ததில்லை. இப்போது செயலாளரே வந்து எங்களோடு மண்ணில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குத் தனிக் கொட்டகை, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா, ஷிப்டுக்கு இரண்டு தடவை பால் கொடுக்கப் போக அனுமதி. இவ்வளவுதான் கேட்டோம். நிர்வாகம் ஒரே பதில் சொன்னது: பிள்ளை சளியில் செத்தது, ஆலைக்கு அதில் சம்பந்தமில்லை. அபின் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று செயலாளர் எங்களிடம் சொல்லியிருந்தார். "அதச் சொன்னீங்கன்னா நம்ம மேலயே திருப்பீருவாங்க" என்றார். மேஸ்திரியக்கா எங்களோடு உட்காரவில்லை. உள்ளே போய் மானேஜர் பக்கம் சேர்ந்துகொண்டார் என்றே நினைத்தோம். எனக்கும் அவர்மேல் ஆத்திரமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சர்க்கார் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். வாசலில் மேசை போட்டிருந்தார்கள். பக்கத்தில் மானேஜரும் போலீஸும். எங்களில் இரண்டு பேர், பிள்ளை எப்படிப் போனதென்று தெரியாது என்று சொல்லி முடித்திருந்தார்கள். அப்போது சாலையிலிருந்து மேஸ்திரியக்கா வந்தார். நேராக மேசையிடம் போய், தகர டப்பாவை அதன்மேல் வைத்தார்.

"நாந்தானுங்க குடுத்தேன். அந்தப் பையனுக்கு மட்டுமில்லீங்க, அங்க இருக்கற எல்லாப் புள்ளைக்கும் குடுத்தேன். சத்தம் வரக்கூடாதுன்னு மானேஜரு இவியதான் சொன்னாங்க. பால் குடுக்க உட்டிருந்தா நான் ஏனுங்க இதைக் குடுக்கறேன்?"

மானேஜர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, எழுதிக்கொண்டே இருந்தார். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். மேஸ்திரியக்காவைப் போலீஸ் அங்கேயே கூட்டிக்கொண்டு போனது. போகும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் எங்களுக்குக் கொட்டகையை வாங்கிக் கொடுத்தது அந்த வாக்குமூலம்தான். அபின் கொடுத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்து ஆலை ஓட்டினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்கள் எங்களுக்கு அரிசி அனுப்பினார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. நாங்கள் கேட்ட மூன்றும் உண்டு. வெளியே இருந்த எல்லோரையும் திரும்பச் சேர்ப்பார்கள். மேஸ்திரியக்காவைத் தவிர.

புளியமரத்தடியில் கூட்டம் போட்டு செயலாளர் இதைச் சொன்னார். "ஒருத்தருக்காக எல்லாத்தையும் உட்டுட முடியுமுங்களா? அவிய குடுத்ததும் நெசந்தானே. சம்மதம்னா கையத் தூக்குங்க."

ஆத்தூர்க்காரி எழுந்தாள். பிள்ளையை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அன்னிக்குக் காலைல வீட்டுல நானும் அபின் வச்சேன். அவங்க வைப்பாங்கன்னு தெரிஞ்சும் சொல்லல. அழுதுட்டே இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம். அவங்கள விட்டுட்டா என்னையும் விட்டுடுங்க."

கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒப்பந்தத்துக்குச் சம்மதமென்று ஒரு கை உயர்ந்தது, அப்புறம் பல கைகள். என் மகள் மடியில் இருந்தாள். இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். ஆத்தூர்க்காரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, எங்களுக்கு நடுவே வழி கேட்டு வெளியேறிப் போனாள். மறுபடி அவள் ஆலைக்கு வரவே இல்லை.

அதன்பிறகு பல வருடங்கள் சங்கத்தில் இருந்தேன், எத்தனையோ ஒப்பந்தங்களைப் பார்த்தேன். இன்று ஆலைகளில் பிள்ளைக் கொட்டகை சட்டப்படியே உண்டு. அது எப்படி வந்ததென்று கேட்பவர் இல்லை. கேட்டால் நாங்கள் போராடி வாங்கினோம் என்று நானே சொல்லியிருக்கிறேன், மேடைகளிலும்கூட.

அந்த முதல் ஒப்பந்தம் ஆகி நான்கைந்து மாதம் இருக்கும். ஒரு விடுமுறை நாளில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் பருப்பு வாங்கப் போனேன். மண்டியின் பின்கட்டில் பெண்கள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒரே சாக்கின்மேல் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரியக்காவும் ஆத்தூர்க்காரியும். திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் மேஸ்திரியக்கா பார்த்துவிட்டார்.

"வா சாமி. கொட்டாயி போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க அக்கா. தொட்டில் கூடக் கட்டியிருக்காங்க."

"ஆயா நல்லவளா? புள்ளைங்களத் திட்டறாளா?"

"நல்லவதானுங்க."

சரி என்று தலையாட்டினார். சிறையில் இருந்ததையோ நாங்கள் செய்ததையோ ஒரு சொல் பேசவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குழந்தைக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.

நான் என்னை அறியாமல் இடுப்பைத் திருப்பிக்கொண்டேன்.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் குழந்தையைக் கொடுக்கக் கை வரவில்லை. ஆத்தூர்க்காரி எழுந்து வந்தாள். என்னை ஒன்றும் கேட்காமல், என் இடுப்பிலிருந்து மகளை எடுத்து, மேஸ்திரியக்காவின் மடியில் உட்கார வைத்துவிட்டு, தன் முறத்தின் பக்கம் திரும்பினாள்.