பால் டின் மிதவை

எங்கள் பசுந்தாங் பேட்டை வீட்டு அடுக்களையில், தண்ணீர் டிரம்முக்குள் ஒரு பொம்மைக் காற்றாடி இன்றும் மிதக்கிறது. மூன்று காலி பால் டின்களைக் கம்பியால் முக்கோணமாகக் கட்டி, அடியில் கொஞ்சம் மணல் போட்டு, நடுவே ஒரு குச்சியை நட்டு அத்தான் செய்தது. கடல் ஆழமாக உள்ள இடத்தில் தூணை ஊன்ற முடியாது; மிதவைமேல் காற்றாலையை நிறுத்திச் சங்கிலியால் கட்டிப்போட வேண்டும். அதை அக்காவுக்குக் காட்டத்தான் இவ்வளவும். அக்கா பார்த்துவிட்டு, "அது எங்க வேணா நிக்கட்டும், நீங்க வீட்டுல நில்லுங்க, போதும்" என்றாள்.

அவள் பயம் அவளுக்கு. கடலில் எரிவாயு மேடைகளுக்கு நங்கூரம் போடும் பொறியாளர் அத்தான். அந்த வேலை நின்றுபோனதும் முன்னறையில் சின்ன அலுவலகம் வைத்தார். கடிதம் அடிக்க நான். அந்தமான் கடலில் மிதவைக் காற்றாலை கட்டுப்படியாகுமா என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கேட்டு வந்தது. ஆகும் என்று அவர் சொன்னால் ஆய்வு வேலை முழுவதும் எங்களுக்கு. இல்லாவிட்டால் பிழைப்புக்குக் கொரியா போவதைத் தவிர வேறு வழியில்லை.

கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்த அன்று கரண்ட் இல்லை. கீழே ஜெனரேட்டர் அலற, சட்டை நனைய உட்கார்ந்திருந்தோம். அங்கே காற்று உண்டு என்றார் அத்தான். ஆனால் மிதவை, சங்கிலி, கடலடிக் கேபிள், கட்டிய காற்றாலையை இழுத்துப்போக ஆழமான துறைமுகம் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. அவர்களில் பெரியவர் நிமிர்ந்து கேட்டார்: "மின்சார விலை கூடினாலும் உங்கள் மக்கள் வாங்குவார்களா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க "மீ லா பி!" என்று கத்தியது, வெளிச்சம் வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் இந்த ஊரே போடும் கூச்சல் அது. கரண்ட் வந்தால் எங்கள் கால் யோசிக்காது. அத்தான் தண்ணீர் மோட்டார் போட ஓடினார், நான் அரிசிப் பானையின் சுவிட்சைத் தட்ட ஓடினேன். விருந்தாளிகள் நடுவீட்டில் அநாதையாக உட்கார்ந்திருந்தார்கள். வெட்கக்கேடு!

திரும்பி வந்தபோது பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். "பதில் கிடைத்துவிட்டது. இப்படி ஓடுகிறவர்கள் என்ன விலையும் கொடுப்பார்கள், இல்லையா?"

வாயில் ஊட்டிவிட்ட மாதிரி. தலையை ஆட்டினால் போதும். திரைக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். நான் மேசைக்கடியில் அத்தானின் காலை மிதித்தேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். மக்கள் கொடுப்பார்கள், ஜெனரேட்டர் டீசலுக்கு இப்போதே கொடுக்கிறார்கள். ஆனால் உங்களிடம் வாங்கப்போவது அவர்கள் அல்ல, அரசாங்கம். அதன் கையெழுத்தை நம்பி நெடுங்காலக் கடன் தர எந்த வங்கியும் யோசிக்கும். தந்தாலும் வட்டி ஆளை விழுங்கும். "மிதவை புயலைத் தாங்கும். அந்த வட்டியைத் தாங்காது. இப்போது வேண்டாம்."

அவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபம்! "கொஞ்சம் வாய மூடிட்டு இருக்கக் கூடாதா, அத்தான்?"

"பாதி கட்டிட்டு ஓடிட்டாங்கன்னா, புள்ள, நாளைக்கு நெசமாவே காலம் வரும்போது ஒருத்தனும் இந்தக் கடல் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்."

அக்கா அவருடைய பயணப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

இப்போது அவர் கொரியாவில், மிதவைகளுக்குச் சங்கிலி பொருத்தும் பட்டறையில். நேற்று அக்காவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. தெரு கத்தியது. அக்கா ஃபோனை என் கையில் திணித்துவிட்டு மோட்டார் போட ஓடினாள்.

"மீ லா பி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவரும் கத்தினார், கரண்டே போகாத ஊரில் உட்கார்ந்துகொண்டு. பிறகு நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"அத்தான்?"

"இங்கதான் இருக்கேன். பாதி எந்திரிச்சிட்டேன், புள்ள. ஓடுறதுக்கு."

டிரம்மில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவருக்குக் கேட்கட்டும் என்று ஃபோனை அதன் பக்கத்தில் பிடித்தேன்.