திரட்சியான இதயம்

கம்பத்தில் எங்களுக்கு வாழைக்காய் மண்டி. அங்கே ஒரு தாரைப் பார்த்து ‘திரட்சி’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. மெலிந்த காயை மாடுகூடத் தின்னாது என்பார் அப்பா. தின்னும். நான் விலங்கியல் படித்தவள்.

எண்பதுகளின் நடுவில், லாரியில் தார் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் மயங்கி விழுந்தான். மதுரைக்குக் கூட்டிப் போனோம். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத் தசை தடித்திருக்கிறது என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. “நம்ம வம்சமே அப்பிடித்தான் சார்.”

டாக்டர் பொறுமைசாலி. தசை நன்றாகச் சுருங்குகிறது, சரியாகத் தளர்வதில்லை, அதனால் உள்ளே ரத்தம் நிறைவதில்லை என்றார். இனிப் பாரம் தூக்கினால் உயிருக்கே ஆபத்து. குடும்பத்தில் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தசைக்கு ‘இழு’, ‘விடு’ என்று சொல்லும் புரதங்கள் உண்டு என்று பாடத்தில் படித்திருந்தேன். அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதானாலும் இப்படி ஆகும் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தெரிந்த அளவுக்கு அப்பாவுக்கு விளக்கினேன். “சரி சரி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மண்டி முழுக்க ஒரே பேச்சு. “எம்மவன் இதயம் அம்புட்டுத் திரட்சியாம். டாக்டரே அசந்துட்டாக!” போடியிலிருந்து ஒரு சம்பந்தம்கூட விசாரித்து வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவருக்குச் சோறு போடவில்லை. அம்மா போட்டாள்.

அடுத்த வாரம் அம்மாவையும் என்னையும் அவரே மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டார். எங்களுக்கு ஒன்றுமில்லை. நீங்களும் வாருங்கள் என்றதற்கு, “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். மண்டிய யாரு பாக்குறது?” என்றார்.

அண்ணனை ஏலம் கூவ மட்டும் விட்டார். அவன் கைவைத்த தாரையெல்லாம், “ஏலே, அங்கன தள்ளி நில்லு” என்று பிடுங்கித் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். கேட்டவர்களிடம், “அவன் தூக்குனா லாரி தாங்காது” என்றார். பஸ்ஸில் நான் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போன நாட்கள் அவை.

பொங்கலுக்கு முந்தின சந்தை நாள். மூன்றாவது லாரி. தோளில் தாரோடு அப்படியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தாரில் ஒரு காய்கூட நசுங்கவில்லை.

மதுரை டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அப்பாவுக்கும் அதேதான் இருந்திருக்கும் என்றார்.

அண்ணனுக்கு இப்போது எழுபது வயது. லாரி வந்தால் இன்றைக்கும் அப்பா காட்டிய இடத்தில் தள்ளித்தான் நிற்கிறான்.