வெல்டிங்காரர் கேட்ட அளவு

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒருவர் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். தன்னுடையதை மட்டுமல்ல, அங்கே கிடந்த எல்லார் செருப்பையும். கை சும்மா இருக்க முடியாத மனிதர். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். உள்ளே அவருடைய நான்கு வயது மகள் செயற்கை சுவாசத்தில் இருந்தாள். நுரையீரலில் தொடங்கிய கிருமித்தொற்று ரத்தம் முழுக்கப் பரவியிருந்தது.

நான் போனது ஒரு கையெழுத்துக்காக. செலினியம் என்று ஒரு தாதுச்சத்து உண்டு. முட்டையிலும் மீனிலும் தானியத்திலும் துளியூண்டு இருக்கும். உயிருக்குப் போராடும் பிள்ளைகளின் ரத்தத்தில் அது குறைகிறதா, குறைந்தவர்கள் தேற அதிக நாள் ஆகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. ரத்தம் எடுத்து ஃப்ரீசரில் உறைய வைப்பது என் வேலை.

"இதுல உங்க பாப்பாவுக்கு நேரா பிரயோஜனம் இல்லண்ணே. நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்குத்தான்."

"சரி தம்பி. என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆளு நான்தான்." முதல் ஆள் என்பதை அவர் கேட்கவில்லை. எனக்குச் சொல்லாமல் இருக்க வராது.

"அப்பா?"

"கூலி வேலை."

"அப்ப நம்ம ஆளு," என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வாசலிலேயே மறித்தார். "எவ்ளோ இருக்கு?"

"இன்னும் பாக்கலண்ணே. எல்லாப் பிள்ளைங்க ரத்தமும் சேந்த பிறகு வெளியூர் லேபுக்குப் போகும்."

"எடுத்தத ஐஸ்ல போட்டு வச்சிருக்கீங்க. கொசுவாவது குடிச்சிட்டுப் போகும்."

கூட இருந்த மைத்துனர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று டாக்டர்கள் சொன்ன எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. செலினியம் மட்டும் பிடித்துக்கொண்டது. காரணத்தை அவரே சொன்னார்.

"மத்தது எதுலயும் நான் கை வைக்க முடியாது தம்பி. இது கம்மின்னா வாங்கி ஊத்திடலாம்ல? வெல்டிங் ராடு தீந்தா புது ராடு மாட்டுற மாதிரி."

கொடுத்தால் தேறும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, நோயின் வேகத்திலேயே அளவு இறங்கலாம் என்று விளக்கினேன். நான் எதையோ மறைப்பதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை டப்பா வாங்கி வந்துவிட்டார்.

"வெளிய வாங்கினது எதுவும் குடுக்கக் கூடாதுங்க," என்று நர்ஸம்மா திருப்பிக் கொடுத்தார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம ஆளுன்னு நெனச்சேன். படிச்சதும் அந்தப் பக்கம் போயிட்டீங்க."

"விடுங்க," என்றார் அவர் மனைவி. "பாவம், அந்தத் தம்பி என்ன பண்ணும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். என்னதான் பண்ணும்?"

நான் ஊசியையும் குழாய்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேறென்ன செய்வது?

மகள் பிழைத்தாள். சுவாசக் கருவியிலிருந்து ஒருவழியாக மீண்டாள். ஆனால் நடுவில் மூளைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பல மாதம் கழித்து லேபிலிருந்து அளவுகள் வந்தன. ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாத்திரை கொடுக்க விடவில்லையே என்ற குமைச்சலாவது அவருக்குத் தீரட்டும் என்பது என் எண்ணம். ஒரு இரும்புக் கதவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் முகமூடியைக் கழற்றினார்.

"பாப்பாவுக்குக் குறையவே இல்லண்ணே. நல்லா இருக்கிற பிள்ளைங்களுக்கு இருக்கிற அளவுதான்."

அங்கே கிடந்த குழாய்க்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப எதுதான் தம்பி கம்மியாச்சு?"

"தெரியலண்ணே."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

டீ சொல்லி அனுப்பினார். இரண்டு பேரும் குடித்தோம். அவர் மறுபடி கேட்கவில்லை.

இப்போது மகளுக்கு ஐந்து முடிந்துவிட்டது. பிடித்து உட்கார வைத்தால் தலை கொஞ்சம் நிற்கிறது. விழுங்க வராததால் மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். காலையில் அவளை ஆஸ்பத்திரிக்கு, பிசியோதெரபிக்குத் தூக்கிப் போகிறார். பட்டறையை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறார்.